இரண்டாவது ரேம்

சலூன்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிராளி பேச ஆரம்பித்ததும் மீதியை இவரே சொல்லி முடித்துவிடுவார். நாற்காலியில் வந்து உட்காருகிறவர் "பின்னாடி கொஞ்சம்" என்பதற்குள், "குறைக்கணும், காதுமேல படக்கூடாது, அதானே?" என்பார். பாதிப் பேருக்கு அது சரியாகவே இருக்கும். மீதிப் பேர் முடி வளரும்வரை தொப்பி போட்டுக்கொள்வார்கள். வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்ததாகச் சரித்திரமே கிடையாது. "இன்னைக்குச் சாயங்காலம்" என்று அவள் தொடங்கினால், "உன் தங்கச்சி வர்றா, தெரியும்" என்பார். அவள் சொல்ல வந்தது வேறாக இருக்கும். சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

பிறகு அவளுக்கு நோய் வந்தது. தசைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டு நின்றுகொண்டன. முதலில் கால், அப்புறம் கை, கடைசியில் நாக்கு. வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் என்ன காரணத்தாலோ விசுவாசமாகக் கூடவே இருந்தது. அவள் ஒரு காலத்தில் தட்டச்சு வேலை பார்த்தவள். எழுத்து எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே அடிப்பாள்.

இப்படிப்பட்டவர்களுக்கென்றே குரலுதவி வாரியம் என்று ஒன்று இருக்கிறது. நாக்கு முழுதாக நிற்பதற்குள் அவள் குரலைப் பதிவு செய்து, ஒரு கம்ப்யூட்டருக்குள் போட்டு, வீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு சின்னப் பொத்தான் பலகையில் விரலால் தட்டினால் அது அவள் குரலிலேயே பேசும். தட்டியதை, அணைத்தாலும் அழியாமல் உள்ளே சேமித்தும் வைத்துக்கொள்ளும். இந்த இடத்தில் வாரியத்தைப் பாராட்டியே ஆகவேண்டும். நாம் விட்டால் அவர்களே பாராட்டிக்கொள்வார்கள், அது இன்னும் நீளமாக இருக்கும்.

கம்ப்யூட்டர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். கடையில் கிடைப்பதிலேயே மலிவான மதர்போர்டு. அதில் ரேம் செருக இரண்டு இடம். ஒன்றில் சின்னதாக ஒரு ரேம், மற்றது காலி. முதலில் அது போதுமானதாகத்தான் இருந்தது. அப்புறம் வாரியத்திலிருந்து டெக்னீஷியன் வந்து புதுப் பதிப்பு ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். அதில் என்ன புதுசு என்றால், மிஷினைப் போட்டதும் வாரியத் தலைவர் திரையில் தோன்றிக் கையசைத்து வாழ்த்துவார். வாழ்த்திவிட்டுப் போகவும் மாட்டார். மூலையில் சின்ன உருவமாகச் சிரித்தபடி நின்றுகொண்டே இருப்பார். அவரைச் சுமப்பதற்கே ரேம் முழுவதும் செலவாகிப் போனது.

"ரேம் பத்தல. இன்னொண்ணு போட்டா பறக்கும்," என்று சொல்லிவிட்டு டெக்னீஷியன் முதலில் பறந்தார்.

சலூன்காரர் விஷயத்தைத் தன் தொழில் வழியாகப் புரிந்துகொண்டார். ரேம் என்பது கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் பலகை மாதிரி. பலகை அகலமாக இருந்தால் கத்தரி, சீப்பு, கிண்ணம் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். குறுகலாக இருந்தால் சீப்பை உள்ளே வைத்துவிட்டுத்தான் கத்தரியை எடுக்க முடியும். அவள் பேச்சும் அப்படித்தான் ஆனது. ஒரு வார்த்தை வரும். அப்புறம் மிஷின் உள்ளே எதையோ உருட்டும். நெடுநேரம் கழித்து அடுத்த வார்த்தை வரும்.

ஆரம்பத்தில் அந்த இடைவெளியில் சலூன்காரர் புகுந்து மீதியைச் சொல்லிப் பார்த்தார். மனைவியாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். மிஷின் போகாது. தன் பாட்டுக்கு உருட்டி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடும். "அந்த... நீலச்... சட்டை" என்று வந்ததும், "எடுத்துப் போட்டுக்கச் சொல்ற, அதானே?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து வந்தது: "உங்களுக்கு... என்னைக்குமே... நல்லா இல்ல." அவருக்கு மிகவும் பிடித்த சட்டை அது.

இப்படிப் பலமுறை மூக்கறுபட்ட பிறகு வாயை மூடக் கற்றுக்கொண்டார். மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வந்து, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வார்த்தைக்காகக் காத்திருப்பார். 

டாக்டர் ஒருநாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த விரலும் அதிக நாள் இருக்காது என்றார். அன்றிலிருந்து சலூன்காரருக்கு நெஞ்சில் ஒரு பதைப்பு. விரல் நிற்பதற்குள் அவள் மனசில் இருப்பதையெல்லாம் சொல்லியாக வேண்டுமே. இந்த வேகத்தில் போனால் பாதிகூட வெளியே வராதே.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் அவள் தொடங்கினாள். "இதுக்கு... இன்னொரு... ரேம்..."

அத்தோடு மிஷின் நின்றுவிட்டது. திரை அசையவில்லை. தலைவர் மட்டும் மூலையில் கையைத் தூக்கியபடி உறைந்திருந்தார். அவள் விரல் நிற்காமல் பலகையில் தட்டிக்கொண்டே இருந்தது.

சலூன்காரருக்குப் பழைய வியாதி திரும்பிவிட்டது. "வாங்கணும், அதானே? நானே நினைச்சேன்! இன்னைக்கே வாங்கிடறேன்," என்று எழுந்துவிட்டார். அவள் கண்ணை அகல விரித்து, விரலால் கட்டில் சட்டத்தில் இரண்டு முறை தட்டினாள்.

"ரெண்டா? இருக்கறது ரெண்டே இடம்தான்மா. ஒண்ணு போதும்," என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார். நீலம் இல்லை, வேறு. மிஷினை அணைத்து, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் விவரத்தைக் கேட்டுவிட்டு, "டிடிஆர் ஃபோர் போர்டு, அதாவது நாலாம் தலைமுறை. எட்டு ஜிபி ஒண்ணு செருகிக்கலாம். லைட் எரியற ரேம் ஒண்ணு வந்திருக்கு, ஏழு கலர் மாறும், தரட்டுமா?" என்றார். 

"பெட்டிக்குள்ள எரிஞ்சா யாருங்க பாக்கறது?" 

"உங்களுக்கே ஒரு திருப்தி," என்ற கடைக்காரர், பெட்டி மேல் வாரியத்தின் முத்திரை இருப்பதைப் பார்த்ததும் ரேமைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். "முத்திரையைக் கிழிச்சா மிஷினையே தூக்கிட்டுப் போயிடுவாங்க. நீங்க அங்கயே போங்க."

வேறு கம்ப்யூட்டர் வாங்கிவிடலாம். ஆனால் அவள் குரல் அந்த மிஷினுக்குள்தான் இருந்தது. பதிவு செய்தது வாரியம், ஆகவே குரலும் வாரியத்தின் உடைமை. சலூன்காரர் பெட்டியை மறுபடியும் தோளில் ஏற்றிக்கொண்டு வாரியத்துக்குப் போனார்.

வாரியத்தில் ரேமுக்கென்று தனியாக ஒத்திசைவுப் பிரிவு இருக்கிறது. அதன் அலுவலர் மேசையில் கம்ப்யூட்டர் கிடையாது. பாரபட்சம் வந்துவிடக்கூடாது என்பதற்காக அவர் அதைப் பழகவே இல்லை.

"ரேம்னா சும்மா கடையில போய் வாங்கற சாமான்னு நினைச்சீங்களா?" என்று அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தலைமுறை பொருந்தணும். வேகம் பொருந்தணும். வோல்டேஜ் பொருந்தணும். எல்லாம் பொருந்தினாலும் எங்களுக்குப் பொருந்தினதா தெரியணும். பொருந்தாத ரேம் ஒண்ணு எங்க கையால போயிடுச்சுன்னா வாரியத்தோட மானம் என்னாகறது? அதனால இதுவரைக்கும் நாங்க ஒரு ரேம்கூடக் குடுத்ததில்ல. ஒரு புகார்கூட வந்ததில்ல."

"டிடிஆர் ஃபோர்னு கடைக்காரர் சொன்னாருங்க."

"அது கடைக்காரரோட கருத்து. நாங்க மதிக்கிறோம்," என்று சொல்லிவிட்டு, டெக்னீஷியனைக் கூப்பிட்டு முத்திரையைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே இருந்த ஒரே ரேமைக் கழற்றி, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

சலூன்காரர் பதறிப்போனார். "ஐயா, அது இல்லாம மிஷினே ஓடாதுங்களே!"

"மாதிரி இல்லாம எதோட பொருத்திப் பாக்கறது?"

"அதுவரைக்கும் அவ எப்படிங்க பேசுவா?"

"நல்லதைப் பாருங்க. ஓடிட்டிருக்கிற மிஷின்னா நீங்க வரிசையில கடைசி. இப்ப ஓடாத மிஷின் ஆயிடுச்சு. உங்களுக்கு முன்னுரிமை," என்றார் அலுவலர். உதவி செய்த திருப்தி அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தவள் அன்று முதல் பேசவே இல்லை.

பொருத்தம் பார்க்க மூன்று நிபுணர்கள் இருந்தார்கள். தலைமுறைக்கு ஒருவர், வேகத்துக்கு ஒருவர், வோல்டேஜுக்கு ஒருவர். ஒருவர் முடிவு இன்னொருவருக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் செல்வாக்குச் செலுத்திவிடுவார்கள் என்று விதி. அதனால் மூவரும் தனித்தனி அறையில், தனித்தனி நாளில் கூடினார்கள். ஒரே ஆள் எப்படிக் கூடுவார் என்று சலூன்காரர் கேட்டார். கதவைச் சாத்திக்கொண்டு கூடுவார் என்று பதில் வந்தது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் மிஷினின் சொந்தக்காரர் வெளியே பெஞ்சில் இருந்தாக வேண்டும். எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனால் இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது.

கடையைப் பாதி நாள் பூட்டினார். அப்புறம் முழு நாளும் பூட்டினார். மத்தியானங்களெல்லாம் பெஞ்சில் போயின. கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் கொழுந்தியாள்தான் உட்கார்ந்திருந்தாள். 

"மாமா, அக்கா வாசலையே பாத்துட்டிருக்கா," என்று போனில் சொன்னாள். 

"ரேம் வந்துச்சான்னு பாக்கறா, அதானே? வந்துடும்னு சொல்லு." 

"எனக்கு என்னமோ அப்படித் தெரியல மாமா." 

"உனக்குத் தெரியாது. நான்தானே அவளோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்."

தலைமுறை நிபுணர் ஐந்தாம் தலைமுறையைத் தேர்ந்தெடுத்தார். மிஷினில் இருப்பது நான்காவது என்று அவருக்குத் தெரியும். "ஏழைங்களுக்குப் பழசைத் தள்ளிவிட்டோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாதில்ல," என்றார். வேக நிபுணர், வேகம் ஆபத்து என்று இருப்பதிலேயே குறைந்த வேகத்தைப் பரிந்துரைத்தார். வோல்டேஜ் நிபுணர், பேட்டரி டார்ச்சில் போடும் அளவு போதும் என்று கருதினார். மூன்றும் சேர்ந்த ரேம் உலகத்தில் எங்கும் தயாராவதில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஐந்தாம் தலைமுறையில் ஒன்றை வாங்கினார்கள்.

பொருத்தும் நாளில் அலுவலர், நிபுணர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். ரேமின் அடி விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். தலைமுறைக்குத் தலைமுறை அது இடம் மாறும். மதர்போர்டில் இருக்கும் மேடு அந்த வெட்டுக்குள் உட்கார்ந்தால்தான் ரேம் உள்ளே இறங்கும். வேறு தலைமுறையை யாரும் தெரியாமல்கூடச் செருகிவிடக்கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். டெக்னீஷியன் விரலால் அழுத்திப் பார்த்தார், உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். கடைசியில் சலூன்காரரைப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முழங்கையைப் போட்டார். இறங்கவில்லை.

"இறங்கலைங்க," என்றார் சலூன்காரர்.

அலுவலர் குனிந்து பார்த்தார். "பொருந்தும்னு முறைப்படி முடிவெடுத்தாச்சு. இனிமே பொருந்த வேண்டியது மதர்போர்டோட கடமை. மலிவு போர்டு பாருங்க, ஒத்துழைக்க மாட்டேங்குது."

"அந்தப் பழைய ரேமையாவது குடுத்துடுங்கய்யா. அவ மெல்லவே பேசட்டும்."

"இப்ப அது மாதிரிப் பொருள் இல்ல, ஆதாரம். போர்டு ஏன் ஒத்துழைக்கலைன்னு விசாரணை முடியற வரைக்கும் யாரும் தொட முடியாது."

விசாரணையை முடிக்கும் அதிகாரம் துணை இயக்குநருக்குத்தான் உண்டு. அவருக்கு நேரமே கிடையாது. கையெழுத்துப் போட நேரமில்லாத அவருக்கு, சலூன்காரர் என்ன தொழில் செய்கிறார் என்று தெரிந்ததும் முகச்சவரத்துக்கு மட்டும் நேரம் கிடைத்தது. அறையிலேயே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சலூன்காரர் நுரை தடவினார். கழுத்தில் கத்தி நகர நகர, துணை இயக்குநர் உதட்டை அசைக்காமல் பேசினார். "மக்கள் எங்களைத் தப்பா நினைக்கிறாங்க. நாங்க தாமதிக்கிறோமாம். தாமதம் இல்லைய்யா அது, கவனம். என்கிட்ட வர்ற கேஸ்ல பாதி தானாவே தீர்ந்துடும். எப்படின்னு கேளுங்க. மனு போட்டவங்க அப்புறம் வர்றதே இல்ல. அந்த அளவுக்குத் திருப்தி."

சலூன்காரர் கத்தியைத் துடைத்துவிட்டு அடுத்த கன்னத்துக்குப் போனார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. இரண்டு கையிலும் நுரை. மறுபடியும் அதிர்ந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம்..."

"பாதியில விட்டுட்டுப் போனா நான் எப்படி மீட்டிங்ல போய் உட்காருவேன்? முடிங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

முடித்தார். இடது கன்னத்தை இன்னொரு முறை வழிக்கச் சொன்னதும் அதையும் வழித்தார். துணை இயக்குநர் கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நீங்க பேசாத ஆளு. ரொம்ப நல்ல குணம்," என்று கையெழுத்துப் போட்டார். சலூன்காரர் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தபோது கொழுந்தியாள் பலமுறை கூப்பிட்டிருந்தாள்.

அவர் வீட்டுக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. இடது கையைக் கொழுந்தியாள் பிடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து அந்த இடத்தைக் கொடுத்தாள். அவர் மனைவியின் கையை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரியே உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கு அழுகை பொங்கியது.

வாரியம் சொன்ன சொல் தவறவில்லை. கையெழுத்து ஆகிவிட்டதால் வேலை மளமளவென்று நடந்தது. டெக்னீஷியன் பக்கத்துக் கடைக்குப் போய் நான்காம் தலைமுறை ரேம் ஒன்றை வாங்கி வந்து, பழையதைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டையும் செருகினார். டக், டக் என்று இரண்டு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். வாரியம் கொடுத்த முதல் ரேம் என்பதால் விழா எடுத்தார்கள்.

"அவ போயிட்டாங்க," என்று சலூன்காரர் அலுவலரிடம் சொன்னார்.

அலுவலர் உண்மையாகவே வருந்தினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவாயில்ல. நன்றியுரையை மிஷினே சொல்லிடும்," என்றார்.

மேடையில் மேசை போட்டு மிஷினை வைத்திருந்தார்கள். அசல் தலைவர் பேசினார். "ஒரு குடிமகன் பேச நினைத்தால், அந்தக் குரலுக்கும் நமக்கும் நடுவில் எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது. அதற்காகத்தான் நாங்கள் நிற்கிறோம்!" கைதட்டினார்கள். மிஷினைப் போட்டதும் திரையிலும் தலைவர் தோன்றினார். நன்றியுரையை டெக்னீஷியன் முன்கூட்டியே தட்டி வைத்திருந்தார். ஆனால் பொத்தானை அழுத்தியதும் மிஷின், உறைந்துபோன அன்று உள்ளே தேங்கி நின்றுவிட்ட வாக்கியத்தைத்தான் முதலில் எடுத்தது.

"இதுக்கு இன்னொரு ரேம்" என்று அவள் குரல் தொடங்கியது. சலூன்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். அதற்குப் பிறகு வந்தது சரசரவென்று ஒரே மூச்சில் ஓடி முடிந்துவிட்டது. 'வேண்டாங்க' என்று ஒரு வார்த்தையும் 'கையை' என்று ஒரு வார்த்தையும் மட்டும்தான் அவர் காதில் நின்றன. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே நன்றியுரையும் ஓடியது.

அரங்கமே எழுந்து தட்டியது. தலைவர் மைக்கைப் பிடித்து, "பாத்தீங்களா! என்ன வேகம்!" என்றார்.

என்ன சொன்னாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சலூன்காரர் பெட்டியைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். பழைய இடத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, அவள் வாக்கியத்தை மட்டும் போட்டார். மறுபடியும் போட்டார். ஒவ்வொரு முறையும் பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி விழுந்தடித்து ஓடியது. அவள் ஒருநாளும் அப்படிப் பேசியவள் இல்லை. குரல் அவளுடையது, வேகம் வாரியத்தினுடையது.

முடி வெட்டுகிற கத்தரியை எடுத்து, வாரியம் புதிதாக ஒட்டியிருந்த முத்திரையை அறுத்தார். வாரியத்துக்காரர்கள் வந்தால் வரட்டும், தூக்கிக்கொண்டு போனால் போகட்டும். புது ரேமின் இரண்டு பக்கக் கொக்கிகளையும் டெக்னீஷியன் செய்தது போலவே விலக்கி, அதை வெளியே எடுத்து வைத்தார். பழையது ஒன்று மட்டும் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தலைவர் வந்து வாழ்த்தி, மூலைக்குப் போய் நின்றுகொண்டார். மிஷின் உள்ளே உருட்டியது. மத்தியான வெயில் கட்டில் சட்டத்தில் விழுந்திருந்தது. நெடுநேரம் கழித்து அவள் பேசினாள்.

"இதுக்கு... இன்னொரு... ரேம்..."

அவர் வாயைத் திறக்கவில்லை.

"வேண்டாங்க..."

அன்று அவள் கட்டில் சட்டத்தில் இரண்டு முறை தட்டியது 'வேண்டாம்' என்றுதான் என்று இப்போது புரிந்தது. குமுறிக்கொண்டு வந்த அழுகையை, அடுத்த வார்த்தை கேட்காமல் போய்விடுமே என்று பல்லைக் கடித்து அடக்கினார்.

"மெல்லவே... இருக்கட்டும்... அடுத்த... வார்த்தை... வர்ற... வரைக்கும்... நீங்க... பேசாம... என்... கையைப்... புடிச்சுக்கிட்டு... உட்காந்திருக்கீங்க..."

மிஷின் உருட்டியது. அவர் கை தன்னையறியாமல் விரிப்பின் மேல், அவளுடைய இடது கை இருந்த இடத்துக்குப் போயிருந்தது.

"கல்யாணம்... ஆனதுலருந்து... இப்பதான்..."

அத்தோடு நின்றுவிட்டது. அந்த இடத்தில்தான் அன்றைக்கு அவர் மிஷினை அணைத்துத் தோளில் தூக்கியிருந்தார்.

மீதி என்னவாக இருக்கும் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லவும் இல்லை. வெயில் கட்டிலை விட்டு இறங்கிப் போகும்வரை, அவள் முடிப்பதற்காகப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.